காக்கப்படாத தட்டு

"அந்தத் தட்டைக் கொட்டித் தொலைங்க அண்ணி! எங்கண்ணன் போய் மூணு வருஷமாச்சு. அந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக் உங்களைக் கட்டிக்க எத்தனை நாள்தான் காத்திருப்பார்?"

"உன் வேலையைப் பாருடி."

ஆய்வுக்கூடத்தில் நாத்தனாரும் அண்ணியும் போட்ட சண்டை, பக்கத்து அறையில் கண்ணாடி கழுவும் எனக்குக் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நாத்தனாரின் அண்ணன் உயிரோடிருந்தபோது ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் தோல் கொடுத்திருந்தார். அதில் வளர்ந்த செல்களை இரண்டு தட்டுகளில் வைத்து, செல்களைக் கொல்லும் பெராக்சைடு ஊற்றுவார்கள். காக்கும் புரதம் சேர்த்தவை பிழைக்கும். சேர்க்காதவை மாலைக்குள் சாகும். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சேர்க்காதவையும் சாகவில்லை. மூன்று முறை சோதித்தார்கள். அவற்றில் அந்தப் புரதம் துளியும் இல்லை.

"என்ன மந்திரம் போடறீங்க அண்ணி?"

"இன்னிக்கு என்ன சமைச்சேன்னு சொல்வேன். அவ்வளவுதான்."

நாத்தனார் நச்சரித்து நச்சரித்தே காரியத்தை முடித்தாள். போன மாதம் அண்ணி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். அன்று புரதம் சேர்த்த தட்டிலும் ஒரு செல்கூட மிஞ்சவில்லை.

இப்போது நாத்தனார், உறையவைத்திருந்த அண்ணன் செல்களை எடுத்துத் தினமும் புதுத் தட்டு வைத்து, "அண்ணா, நான்தான்" என்று தொடங்கிச் சமையலெல்லாம் சொல்கிறாள். மாலைக்குள் எல்லாம் செத்துவிடுகின்றன. அவள் சமையல் லட்சணம் அப்படி என்று கேலி செய்ய எனக்கே வாய் வரவில்லை.