லோமேக்குப் போகாதை

ஜெயமலருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மகள் சாம்பவி தனியாக ஆபிரிக்காவுக்குப் போகப் போகிறாளாம். அதுவும் லோமே என்று, கனடாவில் இந்த ஸ்காபரோவில் எவரும் லீவுக்குப் போகாத ஒரு ஊருக்கு.

"பாரிஸுக்குப் போவன். லண்டனிலை மாமி இருக்கிறா. உந்த ஊரிலை என்ன கிடக்கு?"

"ஹிஸ்ரறி அம்மா. சந்தையிலை துணி வித்தே ஊரை ஆட்டிப்படைச்ச பொம்பிளையள் இருந்த இடம். கடற்கரைப் பக்கம் பழைய சேர்ச் ஒண்டும் இருக்கு."

"ஆரும் கடத்திக்கொண்டு போனா சேர்ச்சே வந்து காப்பாத்தும்?"

பயத்துக்கும் ஆள்பலம் வேண்டுமே. சொந்தக்காரரை எல்லாம் போனில் பிடித்து, மகளைப் பயப்படுத்தச் சொன்னாள். பாம்பு, காய்ச்சல், துவக்குத் தூக்கிய ஆட்கள் என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்தன. சாம்பவி அசையவில்லை. படங்களைப் பார்த்துப் பார்த்து ஜெயமலருக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

கடைசியில் பக்கத்து அடுக்குமாடி அருள்நாயகத்தைக் கூப்பிட்டாள். கள்ளப் பயணமாகக் கனடா வரும் வழியில், கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கைவிட்டதால், மாதக்கணக்காக லோமேயில் அகப்பட்டுக் கிடந்தவர். பட்டவர் சொன்னால் கேட்பாள்தானே.

"அண்ணை, அங்கை பட்ட பாட்டை ஒருக்கால் இவளுக்குச் சொல்லுங்கோ."

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"நடுங்கிப்போனம் பிள்ளை. நாங்கள் ஏழு ஆம்பிளையள். பாஷை தெரியாது, பாஸ்போட்டும் ஏஜென்சிக்காரனோடை போயிட்டுது. அந்த ஊர் மனுசி ஒருத்தியின்ர வீட்டிலை ஒளிச்சிருந்தம். ஒருநாள் பொழுதுபட, சனம் பொல்லுகளோடை வந்து கதவிலை இடிச்சுது. செத்தம் எண்டுதான் நினைச்சன்."

"கேட்டியே?" ஜெயமலர் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். சாம்பவியின் முகமும் வெளுத்துவிட்டது.

"ஏன் அங்கிள் வந்தவை?"

"எங்களுக்குப் பயந்துதான். ஆரெண்டே தெரியாத ஆம்பிளையளை வீட்டுக்கை வைச்சிருக்கிறியே, வெளியாலை துரத்து எண்டு மனுசியைப் பேசினவை. எங்களிலை ஒருத்தனுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும், அவன்தான் சொன்னவன். மனுசி வாசலிலை குறுக்கை நிண்டுது. ஒருத்தரையும் உள்ளுக்கு விடேல்லை."

ஜெயமலருக்குப் பொறுக்கவில்லை. இதற்கா இவரைக் கூப்பிட்டாள்?

"அண்ணை, அது ஆம்பிளையளின்ர கதை. இது குமர்ப்பிள்ளை. முன்னைப் பின்னைத் தெரியாத சனத்தை நம்பிப் பெத்த தாய் எப்பிடி விடுறது?"

அருள்நாயகம் சாம்பவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதைத்தான் தங்கச்சி நானும் இண்டைக்கு வரைக்கும் யோசிக்கிறன். அந்த மனுசிக்கும் சாம்பவி வயசிலை ஒரு மகள் இருந்தவள். வீடு ஒரே அறைதான். அவளுக்கும் எங்கள் ஏழு பேருக்கும் நடுவிலை ஒரு சீலைதான் மறைப்பு."