பேர் கேட்காத பக்கம்

“ஆளு வந்திருக்கு, ஆனா ஆளு ஆருன்னு தெரியாதுன்னா, இது என்ன கணக்கு மக்கா?”

சபைச் செயலாளர் செல்வதாஸ் இப்படிக் கேட்டதும் ஜெப்சிக்குச் சிரிப்புதான் வந்தது. இராஜாக்கமங்கலத்துச் சபையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். குடியை விட நினைப்பவர்களுக்காக அதில் அவள் வைத்த பக்கத்துக்கு இந்த மாதம் கூட்டம் அள்ளுகிறது. காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முன்பு அந்தப் பக்கம் ஈயோட்டிக்கொண்டிருந்தது. ஃபோன் எண்ணைக் கொடுத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். யார் திறந்தார், எதைப் படித்தார் என்று, வருகிறவர்களை எண்ணும் பழைய கணக்குமுறை பெயரோடு சொல்லிவிடும். பெயர் கிடைத்ததோ இல்லையோ, ஜெபக்குழு பாட்டுப் புத்தகமும் கஞ்சிராவுமாக அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும். நல்ல மனதோடுதான் போனார்கள். ஆனால் ஒன்றிரண்டு வீட்டில் பாடியதுமே குடிக்கிறவர் யாரென்று தெருவுக்கே தெரிந்துபோனது. அதற்குப் பிறகு யார் திறப்பார்கள்?

ஜெப்சி அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஃபோன் எண்ணே கேட்காத புதிய முறையைக் கொண்டுவந்தாள். எத்தனை பேர் வந்தார்கள், எந்த இடத்தில் பாதியில் விட்டுப் போனார்கள் என்று மொத்தமாக மட்டும் அது சொல்லும். ஆளைப் பின்தொடராது. விட்டுப்போன இடங்களையெல்லாம் அவள் திருத்தி எழுதினாள். கூட்டம் ஏறிக்கொண்டே போனது. இனி உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணப் போகிறார்கள் என்று போதகரிடம்கூடப் பெருமையடித்துவிட்டாள்.

செல்வதாஸ் மட்டும் மசியவில்லை. பெயர் கிடைக்காத பக்கம் எதற்கு, மூடிவிடலாம் என்று சாயங்காலக் கமிட்டியில் சொல்லப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. அவர் சொன்னால் கமிட்டியில் மறுபேச்சு கிடையாது.

அவர் விடாமல் துருவினார். சபையின் வைஃபையில் திறந்தால் தெரியுமா? ஒரே ஆள் தினமும் வந்தால்? அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றாள்.

“ஒனக்குமா தெரியாது?”

“எனக்கும் தெரியாது மாமா. பிஷப்பே வந்து கேட்டாலும் சொல்லுகதுக்கு எனக்க கையில ஒண்ணும் இல்ல.”

“கமிட்டி கட்டாயப்படுத்தினா?”

ஜெப்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்போ பக்கத்தை மூடிருங்க. ஒரு மனுசன் எவ்வளவு கூச்சப்பட்டுக்கிட்டு வாறான், அவனைக் காட்டிக்குடுக்க நம்மளால ஆகாது.”

செல்வதாஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவ்வளவுதான், தன் உழைப்பெல்லாம் போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்து தன் ஃபோனை மேசைமேல் வைத்தார். திரையில் அவளுடைய பக்கம்தான். அதன் அடியில், பெயர் சொல்லாமலே ஆலோசகருக்கு எழுதும் கட்டத்தில், ‘எனக்குக் குடியை விடணும்’ என்று ஒரு வரி, இன்னும் அனுப்பாமல் கிடந்தது.

“பக்கத்தை ஒருத்தனும் மூட மாட்டான், நான் பாத்துக்கிடுதேன்,” என்றார் அவர், தலை நிமிராமல். “இனி இதை அனுப்பலாம், இல்லியா மக்கா?”