கேசட்டில் இருந்த நிலவு

முப்பத்தைந்து ஆண்டுகள் பரணில் கிடந்த வீட்டுக் கணினியை எஸ்தர் கீழே இறக்கினாள். தூசி தட்டி, பழுதான பாகங்களை மாற்றி, மின்சாரம் கொடுத்தாள். திரை மெல்ல நீலமாக விடிந்தது.

அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் கணினி அது. தன்னோடு இணைத்திருந்த டேப் ரிக்கார்டரில் இருந்த கேசட்டிடம், “இதற்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?” என்று கேட்டது.

“நிலவு வரைந்துகொண்டிருந்தாய். இவள் பள்ளியில் படிக்கும்போது உனக்கு நிரலாக எழுதிக் கொடுத்த நிலவு. அந்த நிரல் ஒலியாக என் நாடாவில் இருக்கிறது.”

“எனக்குச் சொல்லேன்.”

“நாடா இற்றுப்போய்விட்டது. ஒரே ஒரு தடவைதான் சொல்ல முடியும்.”

“அப்படியானால் வேண்டாம். பத்திரமாக இரு.”

“இத்தனை வருஷமும் பத்திரமாகத்தானே இருந்தேன்” என்றது கேசட்.

எஸ்தர் டேப் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தினாள். கேசட் கீச்சுக் குரலில் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. கடைசி ஒலியோடு நாடா அறுந்தது. நீலத் திரையில் புள்ளி புள்ளியாக நிலவு எழுந்து, மிதந்தது.

எஸ்தர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், “அந்த கம்ப்யூட்டர் சுவிட்சை யாரும் தொடாதீங்க” என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள்.