பதினாறுக்குக் கீழே

“பிறப்புப் பத்திரம் பேசுது கிறிஸ்டியன். நானா பேசுறேன்?” என்றபடி போட்டிச் செயலாளர் லியனார்ட் ஒரு தாளை மேசையில் தள்ளினார். “பதினாறு வயசுக்குக் கீழ்ப்பட்டவங்க ஆடுற போட்டி இது. உங்க லோஜினிக்குப் பதினேழு.”

கிறிஸ்டியன் தாளைத் தொடவில்லை. இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்து டென்னிஸ் கிளப்பில் முப்பது வருடமாகக் கோடு போட்டு, வலை கட்டி, தோட்டத் துரைமாரோடு ஆடிக் கொடுத்தவர்; லோஜினிக்கு ஆட்டம் கற்றுத் தருபவரும் அவர்தான். அதற்கு முன் கினிகத்தேனையில் அப்பாவின் மளிகைக் கடையில் வளர்ந்தவர். முதலில் சொல்லும் விலை கடைசி விலை அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“புகார் யாரு கொடுத்தது சார்?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது.”

“அரையிறுதியில ஆறுக்கு ஒன்னு, ஆறுக்கு ரெண்டுன்னு தோத்த புள்ளையோட அப்பாதானே? அந்த ஹோட்டல்காரர். கோப்பையும் அவர் கொடுத்ததுதான். கொடுத்தத வீட்டுக்கே கொண்டுபோகப் பாக்குறாரு.”

லியனார்டுக்குச் சிரிப்பு வந்தது. பதவி அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

“யாரு கொடுத்தா என்ன? பள்ளிக்கூடத்துல வாங்கின நகல். முத்திரை இருக்கு.”

“அந்தப் புள்ளயப் பாத்தா பதினேழு மாதிரியா சார் இருக்கு? வகுப்புலயே அதுதான் குட்டை.”

“தோட்டத்துப் புள்ளைங்க எல்லாம் அப்படித்தானே இருக்கும்.”

சொன்ன பிறகு லியனார்டுக்கே அது நன்றாகப் படவில்லை. குரலை இறக்கினார். “பத்திரத்துல வருஷம் பிழைன்னா, தாய்கிட்ட ஒரு சத்தியக் கடதாசி வாங்கிட்டு வாங்க. சமாதான நீதவான் கையெழுத்தோட, அஞ்சு மணிக்குள்ள. கமிட்டிய நான் சமாளிக்கிறேன். இல்லாட்டி நாளைக்கு இறுதியாட்டத்துல ஹோட்டல்காரர் மகதான் ஆடுவா.”

பேரம் படிந்துவிட்டது என்று கிறிஸ்டியன் எழுந்தார். நாளை வென்றால் கொழும்பில் நடக்கும் தொழில்முறைப் போட்டியின் தகுதிச்சுற்றில் லோஜினிக்கு ஓர் இடம். அங்கேயே தங்கிப் பயிற்சியும். தகப்பன் இல்லாத பிள்ளை. இது போனால் அவளுக்குக் காத்திருப்பது தாயின் தேயிலைக் கொழுந்துக் கூடைதான்.

அவர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறி வந்தபோது, லோஜினி கோடி வீட்டுச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பந்து எகிறிக் கொய்யா மரத்தடிக்கு உருண்டது.

“அந்தப் பக்கம் அடிக்காதன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு?” உள்ளேயிருந்து ஓடிவந்த சண்முகவடிவு, மகளை நகரவிடாமல் தானே போய்ப் பந்தைப் பொறுக்கி வந்தாள்.

“மரத்துக்கு வலிக்குமாம் மாஸ்டர்” என்று சிரித்தாள் லோஜினி.

கிறிஸ்டியன் அவளைப் பீலியில் தண்ணீர் பிடித்துவர அனுப்பினார். பிறகு தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“உண்மையச் சொல்லு தங்கச்சி. புள்ளைக்கு என்ன வயசு?”

“பதினஞ்சுங்கண்ணே. மாரியம்மன் தேர் முடிஞ்ச மூணாம் நாளு, கொழுந்து எடுக்கையில நோவு கண்டு, இந்த வீட்டுக் காம்பராவுலதான் பெத்தேன். மறக்குமா?”

“அப்ப எழுதினவன் பிழையா எழுதிட்டான். எங்க ஆளுங்கன்னா கோயில்ல ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும், எடுத்துக் காட்டிரலாம். உனக்கு உன் வாய்தான் சாட்சி. கிளம்பு. பொகவந்தலாவைக்குப் போயி நீதவான் முன்னுக்கு, ‘பத்திரத்துல வருஷம் பிழை’ன்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

சண்முகவடிவு நகரவில்லை.

“வருஷம் பிழையில்லீங்கண்ணே.”

“அப்ப பதினேழா?”

“பதினஞ்சுதாங்க.”

கிறிஸ்டியனுக்கு எரிச்சல் வந்தது. “ரெண்டும் சரியா இருக்க முடியுமா? மணி மூணரை. கீழ பஸ் நிக்குது. எதாவது ஒன்னுல நில்லு. பொய்ச் சத்தியம் பண்ணச் சொன்னாத்தான் பயப்படணும். உண்மையச் சொல்ல என்ன பயம்?”

“உண்மைக்குத்தாங்க பயம். சொன்னா பந்து மட்டுமில்ல, பள்ளிக்கூடம், பரீட்சை, நாளைக்கு எடுக்கப்போற அடையாள அட்டை எல்லாம் சேந்து போயிருமே.”

“ரெண்டு வயசு கொறைஞ்சா அதெல்லாம் எப்படிப் போகும்?”

பீலிப் பக்கம் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. அது நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல் அவள் கொய்யா மரத்தைப் பார்த்தபடி பேசினாள்.

“பத்திரத்துல ஒரு எழுத்துகூடப் பிழையில்லீங்கண்ணே. லோஜினிங்கிறது மூத்தவ. பொறந்து எட்டாம் மாசமே காய்ச்சல்ல போயிட்டா. ஆபீசுல சொல்லிச் சாவப் பதியாம, அந்த மரத்தடியிலதான் பொதைச்சோம். இவளப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப பத்திரம் கேட்டாங்க. வீட்டுல இருந்தது அவளோடது ஒன்னுதான். இவ கடதாசியில இன்னும் பொறக்கவே இல்லீங்க.”