ஆந்தையைச் சுற்றி

எங்கள் பயிற்சியாளர் ரோண்டா உள்ளே வந்தபோது நாங்கள் யாரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தோம்.

அது கேப்டன் ப்ரிட்டாவின் யோசனை.

"வேற காலேஜுக்குப் போறவளுக்கு நம்ம ஆந்தை மேல என்னடி மரியாதை? நேரா மிதிச்சிட்டு வருவா, பாருங்க."

ஆந்தை எங்கள் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் சின்னம். லாக்கர் அறைக் கம்பளத்தின் நட்டநடுவில், இரண்டு மஞ்சள் கண்களோடு படுத்திருக்கிறது. யாரும் அதை மிதிக்கக்கூடாது. சுவரோரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். மிதித்தால் அணி முழுவதன் காலுறைகளையும் கையால் துவைக்க வேண்டும்.

ரோண்டா இங்கே வந்த அன்று வைத்த சட்டம். சேர்ந்த முதல் வாரமே நான் துவைத்தேன். ஒருமுறை ரோண்டா கல்லூரித் தலைவரையே, "சார், சுத்தி வாங்க" என்று நிறுத்தினார்.

போன குளிர்காலம் எல்லோரிடமும் தோற்றோம். எங்களைப் பெற்றவர்கள் மட்டும் பார்க்க வந்தார்கள். இந்தக் குளிர்காலம், நாளை, டுலூத் நகரில் அரையிறுதி. பயிற்சி முடிந்ததும் பஸ்.

ஆனாலும் ஏதோ சரியில்லை.

ஜனவரியில், அடுத்த வருடம் சேரப்போகும் பள்ளிக்கூடப் பெண்கள் எங்கள் அணியைப் பார்க்க வருவார்கள். எங்களோடு இறைச்சி அடைத்த பாஸ்டி தின்பார்கள், எங்கள் அறைகளில் தூங்குவார்கள். இந்த வருடம் ஒருத்தியும் வரவில்லை. புது மட்டைகளும் வரவில்லை. ரோண்டா அந்தப் பனியில் தன் வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசினார். எங்களைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றினார்.

பெரிய கல்லூரி ஏதோ அவரை இழுக்கிறது என்று முடிவு செய்தோம்.

எனக்குப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கோல் காக்க வா என்று என்னைக் கூப்பிட்டது ரோண்டா மட்டும்தான். அவர் போய்விட்டால் அடுத்து வருபவர் என்னை வைத்துக்கொள்வாரா தெரியாது.

இப்போது அவர் தலைவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பூட்ஸில் பனி ஒட்டியிருந்தது. அவர் ஆட்டத்திட்டம் எழுதும் பலகை எதிர்ச்சுவரில். நேராக நடந்தால் ஆந்தையின் முகத்தில் கால் படும்.

வலது பூட்ஸ் நின்றது.

பிறகு திரும்பியது. சுவரோரமாக, எங்கள் முழங்கால்களுக்கும் பைகளுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு வந்தார். என் கால்காப்பில் இடறினார்.

"நீமி, இது கால்காப்பா கட்டிலா? தள்ளி வைம்மா."

யாரோ சிரித்தார்கள்.

"தலைவர் என்ன சொன்னாரு கோச்?" என்று ப்ரிட்டா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. நல்லா ஆடுங்கன்னாரு. போங்க, ஐஸ் ரெடி."

வெளியே வந்ததும் ஆளுக்கொரு முறை ப்ரிட்டாவின் ஹெல்மெட்டில் தட்டினோம்.

"கால் சாஸ்திரம் பாக்க வந்துட்டா."

நான் கோலுக்குப் போய் நின்றேன். வலைக்கு மேலே என் தண்ணீர் பாட்டில் இல்லை. அறையில் விட்டுவிட்டேன். எடுக்கத் திரும்பிப் போனேன்.

நடைபாதையில் ரப்பர் விரித்திருக்கிறது. ஸ்கேட்டுடன் நடந்தாலும் சத்தம் கேட்காது.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ரோண்டா தரையில் மண்டியிட்டிருந்தார். கையில் கம்பளம் அறுக்கும் கத்தி.

ஆந்தையை ஓரமாக அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு சிறகு முடிந்திருந்தது. அறுத்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தி, கோடு தெரியாதபடி பழையபடி பொருத்தினார். பிறகு கழுத்துக்கு வந்தார்.

புதுக் கல்லூரிக்குப் போகிறவருக்குப் பழைய ஆந்தை எதற்கு?

அடுத்த வருடமும் அணி இருக்கப்போகிற அறையில் யாரும் கம்பளத்தை அறுக்க மாட்டார்கள்.

மறுபக்கச் சிறகை அறுக்க அவர் எழுந்தார். குறுக்கே ஓர் எட்டு வைத்தால் போதும். சுவரோரமாகச் சுற்றிப் போய், ஆந்தையின் ஓரக் கோட்டுக்கு வெளியே மண்டியிட்டார்.

நான் உள்ளே போகவில்லை.

ஐஸில் ப்ரிட்டா எனக்காகக் காத்திருந்தாள்.

"என்னடி, பாட்டில் எடுக்க இவ்வளவு நேரம்? கோச் என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் இல்ல. ஆடலாம் வா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வெறுங்கையைப் பார்த்தாள்.