வழி சொல்ல ஓர் ஆள்

வாசலில் வந்து நின்ற மெட்டடார் வேன் மூன்றாம் முறையும் ஹாரன் அடித்துவிட்டது. நாச்சியாரம்மாள் மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. மற்ற முதியவர்கள் எல்லோரும் மூட்டையும் கையுமாக ஏறி உட்கார்ந்தாகிவிட்டது.

"ஆச்சி, எந்திரிங்க. டிரைவர் மொகத்தைச் சுளிக்கான்," என்றாள் சுசீலாபாய்.

"சுளிக்கட்டும். நான் வரல்ல. எம்மவன் வந்தா இங்கதான தேடுவான்?"

ஆரியசாலைச் சந்துக்குள் இருந்த அந்த முதியோர் விடுதியில் சமையல், துணி துவைப்பு, மருந்து கொடுப்பது எல்லாமே சுசீலாபாய்தான். விடுதியை நடத்திவந்த சங்கத்தார் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். இனி இது அரிசிக் கிடங்கு. முதியவர்களுக்குக் கல்லாற்றில், மலையடிவாரத்தில் இடம்.

வயதானவர்களை இடம் மாற்றுவது லேசுப்பட்ட வேலையா? ஒரு மாதமாகவே அவர்களைப் பழக்கிக்கொண்டு வந்தாள். அங்கே யார் பக்கத்தில் யார் கட்டிலோ, அதே வரிசையில் இங்கேயே படுக்க வைத்தாள். கல்லாற்றுத் தண்ணீரைப் பற்றி அவள் அளந்த அளப்பில், வெந்நீர் இல்லாமல் குளிக்காத தாசம்மாள்கூட ஆற்றில் குளிக்கத் தயாராகிவிட்டாள். மசியாதவள் நாச்சியாரம்மாள் ஒருத்திதான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் மகன்தான் அவளை இந்த வாசல்வரை கூட்டிவந்தான். 'உள்ளே இரு, பம்பாயில வேலை கெடச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முகத்தை விடுதியில் ஒருவரும் பார்க்கவில்லை. தான் இல்லாத நேரத்தில் வந்துவிடுவானோ என்று, அன்றிலிருந்து அவள் இந்தச் சந்து முனையைத் தாண்டிப் போனதே இல்லை.

"அவன் வந்து நான் இங்க இல்லைன்னா என்ன நெனப்பான்? அம்மை செத்துட்டான்னு மொட்டை போட்டுக்கிடுவான்," என்றாள் நாச்சியாரம்மாள்.

கட்டடத்தை வாங்கிய முதலாளி மேல் சுசீலாபாய்க்கு ஒரு குறையும் கிடையாது. கல்லாற்று இடத்தை அவரேதான் தேடிப் பிடித்துக் கொடுத்தார். வேன் வாடகையும் அவர் கணக்குத்தான்.

இடத்தைப் பார்க்க வரும்போதெல்லாம், மதியச் சோறு முடிந்து முதியவர்கள் கண்ணயர்ந்த பிறகுதான் வருவார். "எல்லாரும் ஒறங்கியாச்சா?" என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே நடப்பார். சாலைக்கடைத் தெரு வியாபாரிகளில் இப்படியும் ஒரு மனுஷனா என்று அவள் வியந்ததுண்டு. காலையில் வந்து கிடங்கைப் பெருக்கிவிட்டுப் போ என்று அவளுக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்.

அந்த வேலைதான் இப்போது கைகொடுத்தது.

"ஆச்சி, நான் எங்கயும் போவல்ல. கிடங்கைத் தூத்து வாரதுக்கு முதலாளி என்னைத்தான் வச்சிருக்காரு. ஒங்க மவன் வந்தா நானே கல்லாத்துக்கு பஸ் ஏத்தி விடுதேன். போதுமா?"

"நீ மறந்திருவ."

"மறக்க மாட்டேன்."

"வெயில்ல அலைஞ்சு வந்திருப்பான். மொதல்ல தண்ணி குடு, பெறவு வழி சொல்லு." நாச்சியாரம்மாள் உள்ளங்கையை நீட்டினாள். "அடிச்சுச் சொல்லு, மக்ளே."

சுசீலாபாய் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு கார்டு போடாதவன் இனிமேலா வந்துவிடப்போகிறான்? பொய்ச் சத்தியம் செய்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே ஆச்சியின் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

நாச்சியாரம்மாள் மெல்ல எழுந்து வந்தாள். வேனில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு ஆண்பிள்ளையின் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே போனாள். வேன் முக்கு திரும்பி மறைந்தது.

சற்று நேரத்தில் முதலாளி வந்து சேர்ந்தார். பின்னால் சுமட்டுக்காரர்கள் இருவர், தலையில் அரிசி மூட்டையோடு. அவரைக் கண்டதும் சுசீலாபாய்க்கு ஒரு யோசனை வந்தது. அவள் வருவதோ காலையில் மட்டும். நாள் முழுக்க இங்கே இருக்கப்போவது இவர்தானே? செய்த சத்தியத்தைப் பாதியாவது காப்பாற்றலாம் என்று பட்டது.

"முதலாளி, ஒரு உபகாரம் செய்யணும்."

"சொல்லு."

"நாச்சியார்னு ஒரு ஆச்சி. மவன் வருவான்னு சொல்லிக் கட்டிலை விட்டு எறங்க மாட்டேன்னுட்டாவ. சத்தியம் பண்ணித்தான் ஏத்தி விட்டேன். நான் இல்லாத நேரம் அவன் வந்து கேட்டா, ஆச்சி கல்லாத்துல இருக்காவன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

முதலாளி கையைக் காட்டிச் சுமட்டுக்காரர்களை உள்ளே அனுப்பினார். வேன் போன திசையை எட்டிப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் அவளிடம் கேட்டார்.

"போவும்போ எங்கம்மை அழுதாளா?"