சாய்ந்த ஆச்சா

"மரத்த அறுத்து எடுத்துடலாங்க்கா," என்றாள் அமுதவல்லி. என் கணவர் வின்சென்டிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள். அவர் போன பிறகு வேலையைத் தொடர்பவளும் அவள்தான்.

ராசிபுரத்துப் பக்கத்துக் கரட்டுக் காட்டில் பெரிய ஆச்சா மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. மரம் விழுந்த இடத்து வெளிச்சத்தில் எது முளைக்கிறது, எது சாகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தக் காட்டில் விழுந்த மரங்களில் ஒன்றை அப்புறப்படுத்தினாலும் இத்தனை வருட உழைப்பும் வீண்.

"எடுத்தா உன் படிப்பு என்ன ஆகும் சாமி?"

"போனாப் போகுதுங்க்கா."

ரம்பத்தோடு வந்திருந்த காத்தானும் விடவில்லை. "அறுத்து எரிச்சுப்போடறனுங்கம்மா. இதப் பாத்துக்கிட்டு எப்படிங்க நிக்கறீங்க?"

"அவர் இருந்தா அறுக்க விடுவாரா?"

"அவரு இருந்தா நான் எதுக்குங்க ரம்பத்தத் தொடறேன்?"

நான் குனிந்து பார்த்தேன். தண்டை ஒட்டி, வெயில் விழுந்த மண்ணில் சின்னச் சின்னக் கன்றுகள் முளைத்திருந்தன.

"இதையெல்லாம் அளந்து எழுது."

அமுதவல்லி அழுதுவிட்டாள். "சார் கெடந்த எடங்க்கா இது."

"தெரியும். அடியில இருந்து அவர எடுக்க மரத்த ஒருக்கா பொரட்டுனோமில்ல, அதையும் சேத்து எழுது."